கடிகாரம் ஏன் "டிக் டிக்" என்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும், வீட்டுப்பாடத்தில் அவர்களுக்குக் கைகொடுக்கும் பெற்றோரும் ஒரே சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்கள் இவை. கேள்விகளைப் பெரும்பாலும் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை என்பதால், முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

"டிக் டிக்"னா சரியா என்ன அர்த்தம்?

கடிகாரம் ஓடும்போது விட்டுவிட்டு வரும் சிறிய, வறண்ட ஒலியைக் காதில் விழுந்தபடியே சொல்லும் சொல். ஒலியைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. இப்படிப்பட்டவற்றை ஒலிக்குறிப்புச் சொற்கள் என்பார்கள். சலசல, கலகல, மடமட எல்லாம் இதன் உறவுக்காரர்கள்.

தொடருக்குள் இது தனியாக நிற்காது. "என்று", "என" என ஒரு துணை வேண்டும். பேச்சில் வெறும் "னு" போதும். "சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடியது." ஒலியைச் சொல்ல "என" சேர்ப்பது பழைய வழக்கம்தான். வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடங்களில் "என" வரும் என்று தொல்காப்பிய இடையியல் கணக்குச் சொல்கிறது. அதில் "இசை" என்பது ஒலி.

இது இங்கிலீஷ்ல இருந்து எடுத்ததுதானே? அவங்க "டிக் டாக்"ங்கிறாங்க, நாம "டிக் டிக்"ங்கிறோம்.

ஒலியைப் போலச் செய்யும் சொல்லுக்கு ஒரே ஒரு பிறந்த ஊரைக் காட்டுவது கடினம். இந்திக்காரர்களும் "டிக் டிக்" என்றுதான் சொல்கிறார்கள். மலாயிலும் சீனத்திலும் கிட்டத்தட்ட இதே ஒலி இருக்கிறது (அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்). ஒரே சத்தத்தைப் பல காதுகள் கேட்டு, அவரவர் எழுத்தால் சொன்னால் விடைகள் ஒத்துத்தான் போகும்.

ஆனால் சத்தம் போட்ட பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஊசல் கடிகாரத்தை ஹாலந்தின் ஹைகன்ஸ் உருவாக்கியது 1656இல். அது நம் ஊர்ச் சுவர்களில் ஏறிய பிறகே இந்தச் சொல்லுக்கு வேலை வந்திருக்க முடியும். ஆங்கிலத்திலும் "டிக்" முதலில் கடிகாரத்தைக் குறிக்கவில்லை. மெல்லத் தொடுவது, லேசாகத் தட்டுவது என்பதே அதன் பழைய பொருள். கடிகாரப் பொருள் பிறகு ஏறியது. "டிக் டாக்" என்ற ஜோடி இன்னும் பின்னால், 19ஆம் நூற்றாண்டில் வந்தது. எங்கள் தீர்ப்பு: ஒலி எல்லோருக்கும் பொது, பள்ளிக்கூட ஆங்கிலம் அதைத் தமிழில் ஊன்றி நிற்க வைத்தது.

அப்போ சங்க காலத்துல கடிகாரச் சத்தத்துக்கு என்ன சொல்லியிருப்பாங்க?

அந்தக் காலத்துக் கடிகாரம் தட்டவில்லை, ஒழுகியது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம் நாழிகைக் கணக்கர் வந்து, "குறுநீர்க் கன்னல் இனைத்து" என்று பொழுது சொல்கிறார்கள். கன்னல் என்றால் பாத்திரம். நீர் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிவதை வைத்துப் பொழுது அளந்தார்கள். "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்று அவர்களுக்கு அங்கே ஒரு பட்டமும் உண்டு. கலம் சும்மா இருக்கும். நேரத்தை மனிதர் வாய்தான் சொல்லும்.

"கடிகாரம்" என்ற பெயரிலேயே அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் ஒளிந்திருக்கிறது. கடிகை என்றால் நாழிகை, அதாவது 24 நிமிடம். அது வடமொழிக் "கடிகா". அதற்கும் அடியில் இருப்பது "கடம்", அதாவது குடம்.

"ட"வில் தமிழ்ச் சொல் ஆரம்பிக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்படின்னா "டிக்" தப்பா?

டீச்சர் சொன்னது சரி. சொல்லப்போனால் "டிக்" இரண்டு விதிகளை மீறுகிறது. இலக்கண நூலான நன்னூலின் 102ஆம் நூற்பா மொழிமுதலில் வரும் எழுத்துகளைச் சொல்லும்போது டகரத்தைச் சேர்க்கவில்லை. நன்னூல் 107 சொல்லின் இறுதியில் வரும் மெய்களாக ஞ் ண் ந் ம் ன் ய் ர் ல் வ் ழ் ள் ஆகியவற்றைத்தான் தருகிறது. க் அதில் இல்லை. ஆக, தலையும் வாலும் இரண்டுமே விதிக்கு வெளியே.

பழைய ஒலிக்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கல்லென, ஒல்லென, நள்ளென, இழுமென. கல், ஒல், நள், இழும். ஒன்றுகூட விதியைத் தாண்டவில்லை. சத்தத்தைச் சொல்லும்போதும் எழுத்துக் கட்டுக்குள் நின்றார்கள். பிற்காலத்தில் ஒலிக்குறிப்புக்கு மட்டும் கட்டு தளர்ந்தது: டமடம, டும்டும், டக், டொக். பேசும் தமிழ் இவற்றை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே "டிக்" பிழையில்லை; ஆனால் "தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கும்" என்ற கேள்விக்கு இதை எடுத்துக்காட்டாகத் தந்தால் மதிப்பெண் போகும்.

ஏன் "டிக்"? "டும்"னோ "டங்"னோ சொல்லக் கூடாதா?

சொல்லிப் பாருங்கள், காது ஒப்புக்கொள்ளாது. இந்தச் சொற்களில் ஒவ்வொரு எழுத்தும் ஏதோ ஒரு வேலை செய்கிறது.

உயிரெழுத்து அளவைச் சொல்லும். இகரம் சிறிய, மெல்லிய, கூரிய ஒலிக்கு. அகரமும் ஆகாரமும் பெரியதற்கு. சிறுமியின் சலங்கை "கிணுகிணு", கோயில் மணி "கணகண". டிக், டக், டொக் மூன்றையும் வரிசையாகச் சொன்னால் சிறு முள், தாழ்ப்பாள், கட்டைக் கதவு என்று பொருள் வளர்ந்துகொண்டே போகும்.

கடைசி எழுத்து, ஒலி எப்படி முடிகிறது என்று சொல்லும். க் போன்ற வல்லினம் மூச்சை அடைத்துவிடும், ஆகவே சட்டென்று செத்துப்போகும் ஒலி: டிக், டக், பட். மெல்லினம் மூக்கு வழியே நீளும், ஆகவே அதிர்ந்து நிற்கும் ஒலி: டும், டாங், டிங். ர் வந்தால் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி: கிர், சர், விர். அதனால்தான் ஒரே சுவர்க் கடிகாரம் ஓடும்போது "டிக்", மணி அடிக்கும்போது "டாங்". உள்ளே பல் தட்டுவது அடங்கிவிடும். மணிக்கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும்.

கடிகாரத்துக்குள்ள அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?

சாவி கொடுக்கும் ஊசல் கடிகாரத்தில் சுருள்வில் (அல்லது தொங்கும் எடை) பற்சக்கரங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசிச் சக்கரத்தின் மேல் நங்கூர வடிவில் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் நகம்போல வளைந்து உட்கார்ந்திருக்கும். ஊசல் ஒரு பக்கம் போகும்போது ஒரு நகம் தூக்கிக்கொள்ள, சக்கரம் நழுவும். உடனே மறு நகம் குறுக்கே வந்து அடுத்த பல்லைத் தடுக்கும். பல் நகத்தில் முட்டும் அந்தச் சத்தம்தான் "டிக்". ஊசல் போக ஒன்று, வர ஒன்று.

ஊசலின் நீளம் சுமார் 99.4 செண்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஒரு டிக். கால் பங்காகக் குறைத்து 24.8 செண்டிமீட்டர் ஆக்கினால் விநாடிக்கு இரண்டு. பெரிய நிற்கும் கடிகாரங்கள் நிதானமாகவும் சின்னச் சுவர்க் கடிகாரங்கள் அவசரமாகவும் பேசுவது இதனால்தான். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் ஊசலுக்குப் பதில் ஒரு சின்னச் சக்கரம் இருபுறமும் ஆடும். மணிக்கு 28,800 தட்டல் என்று குறித்திருந்தால் விநாடிக்கு எட்டு. அதைக் காதில் வைத்துவிட்டு "டிக்… டிக்…" என்று எழுதினால் பொய்.

இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தொங்குவது பெரும்பாலும் பேட்டரிக் கடிகாரம். அதில் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். மின்சுற்று அதைப் பதினைந்து தடவை பாதிபாதியாக்கி விநாடிக்கு ஒன்று என்று கொண்டுவரும். அந்த ஒரு துடிப்பில் சிறு மோட்டார் முள்ளை ஒரு படி தள்ளும். அந்தத் தள்ளலின் சத்தம்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது. விநாடி முள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும் வகையை வாங்கினால் அந்தத் தொல்லை இருக்காது.

எங்க வீட்டுப் பழைய கடிகாரம் "டிக்… டாக்டிக்… டாக்"னு நொண்டுது. பேட்டரிக் கடிகார முள் ஒரே இடத்துல துடிக்குது. ஏன்?

இரண்டும் வேறு வேறு நோய்கள். ஊசல் கடிகாரம் நொண்டினால் பெட்டி சாய்ந்து தொங்குகிறது என்று பொருள். ஊசல் ஒரு பக்கம் அதிகம் போய் வருகிறது. பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ கொஞ்சம் நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இடைவெளி சமமாகும் இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அப்படியே விட்டால் நின்றுபோகலாம்.

பேட்டரிக் கடிகாரத்தில் முள் துடித்தால் பேட்டரி தீர்ந்துபோகிறது. ஏறக்குறைய 9க்குப் பக்கத்தில்தான் அது மாட்டிக்கொள்ளும். 6இலிருந்து 12 வரை முள் தன் எடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், 9இல் படுத்த நிலையில் சுமை அதிகம்.

கடிகாரம் நெஜமாவே "டிக்", "டாக்"னு ரெண்டு சத்தம் போடுதா?

ஊசல் கடிகாரத்தில் இரண்டு நகங்கள் இருப்பதால் ஒலி கொஞ்சம் மாறலாம். பேட்டரிக் கடிகாரத்தில் எல்லாத் தட்டலும் ஒன்றுதான். இருந்தும் சிலருக்கு "டிக் டாக்" என்றே கேட்கும். ஒரே மாதிரி ஒலிகள் வரிசையாக வந்தால் மனம் தானாகவே அவற்றை இரண்டிரண்டாகக் கட்டிக்கொள்ளும்.

கட்டும் விதத்தை மொழி முடிவு செய்கிறது. ஆங்கிலம் ஜோடி போடும்போது உயிரை மாற்றும், அதுவும் இகரம் முதலில்: டிக் டாக், டிங் டாங், ஜிக்ஜாக். "டாக் டிக்" என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் பெரும்பாலும் அப்படியே இரட்டிக்கும்: கலகல, தடதட. மாற்ற வேண்டுமென்றால் முதல் எழுத்தில் கை வைக்கும்: புலி கிலி, டீ கீ.

இது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா? மகனுக்குத் தொடக்கநிலை 6, தேர்வு வருது.

இங்கேதான் சிக்கல். "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா" என்று தொல்காப்பியமும் நன்னூலும் ஒரே குரலில் சொல்கின்றன. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. "சல" என்று தனியே சொன்னால் ஒன்றுமில்லை, "சலசல" என்றால் ஓடை. அடுக்குத்தொடர் என்பது பொருளுள்ள ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கி வருவது (நன்னூல் 395): பாம்பு பாம்பு, போ போ போ.

இப்போது "டிக்" என்பதைச் சோதியுங்கள். "சாவி டிக்கென்று திரும்பியது." தனியாகவே நிற்கிறது. "டிக் டிக் டிக்" என்று மூன்றாகவும் வருகிறது. இரட்டைக்கிளவி ஒருநாளும் மூன்றாகாது, "சலசலசல" என்று எழுதமாட்டோம். கறாராகப் பார்த்தால் இது இரட்டைக்கிளவிச் சோதனையில் முழுதாகத் தேறவில்லை. ஆனால் ஒலிக்குறிப்பாக இரண்டாக வந்து "என" சேர்ந்து வினையை விளக்குவதால் பலர் இரட்டைக்கிளவி வரிசையிலேயே வைக்கிறார்கள்.

தேர்வுக்கு எங்கள் யோசனை: எடுத்துக்காட்டு தரச் சொன்னால் இதைத் தொடவே வேண்டாம். சலசல, படபட, மளமள என்று யாரும் கேள்வி கேட்க முடியாதவற்றை எழுதச் சொல்லுங்கள்.

சேர்த்து எழுதணுமா, பிரிச்சா? "டிக் டிக் என்று"வா, "டிக்டிக்கென்று"வா?

இரண்டும் வழக்கில் உள்ளன. ஒரே கட்டுரையில் ஒரே முறையாக இருந்தால் போதும். ஒலியை நிறுத்தி நிறுத்திக் கேட்க வைக்க வேண்டுமானால் இடம் விடுங்கள். வேகமாகப் போக வேண்டுமானால் சேருங்கள்.

"என்று" சேரும்போது க் இரட்டிப்பதை மறக்க வேண்டாம். "டிகென்று" என்பது தவறு, "டிக்கென்று" என்பதே சரி. தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் (நன்னூல் 205): கல் + என = கல்லென, டிக் + என = டிக்கென. விதியை மீறிப் பிறந்த சொல் இந்த விதிக்கு மட்டும் ஒழுங்காகக் கட்டுப்படுகிறது!

"சலசலக்கிறது" மாதிரி "டிக்டிக்கிறது"ன்னு எழுதலாமா?

கூடாது. சலசலக்கும், படபடக்கும், பளபளக்கும். சலசலப்பு, படபடப்பு, பளபளப்பு. இவை உயிரில் முடிவதால் வினையாகவும் பெயராகவும் வளர்கின்றன. "டிக்டிக்" வல்லின மெய்யில் முடிகிறது, அதன்மேல் வினை விகுதி ஒட்டவில்லை. "டிக்டிப்பு" என்றும் ஒன்று கிடையாது. மொழிக்குள் ரொம்ப நாள் புழங்கிய ஒலிக்குறிப்புக்கும் பின்னால் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இது நல்ல உரைகல்.

"பயத்தில் என் மனசு டிக் டிக் என்று அடித்தது"ன்னு எழுதினா ஏன் வட்டம் போடுறாங்க?

மனசுக்குத் "திக் திக்", கடிகாரத்துக்கு "டிக் டிக்". ஓர் எழுத்துதான் மாற்றம், ஆனால் இடம் மாற்றிப் போட முடியாது. "திக்" என்பதில் அச்சம் இருக்கிறது. திடுக்கிடுதல் போன்றவற்றோடு சேர்த்து வைக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே எழுத்துகளால் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பு. பரபரப்புக்குப் "படபட" என்றும் எழுதலாம்.

இதோடு ஒரு சொல்: "டிக்… டிக்… டிக்… கடிகார முள் நகர்ந்தது" என்று கட்டுரை தொடங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேர்வு, மருத்துவமனை, ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் இதே வாசலைத் திறந்து திறந்து கீல் தேய்ந்துவிட்டது.

"சரியான விடைக்கு டிக் போடு"ங்கிறதும் இதே டிக்கா?

ஆம், ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். மேலே சொன்ன "மெல்லத் தொடுதல்" அங்கே பேனா முனையின் தொடுதலாகியிருக்கிறது. தமிழில் எழுதும்போது "சரி அடையாளம் இடுக" எனலாம். வகுப்பில் பேசும்போது "டிக் போடு" என்றால் யாருக்கும் உறுத்தாது.

மலாய்க்காரங்களும் சீனரும் என்ன சொல்றாங்க?

மலாயில் "டெத்திக்". கடிகாரத் தட்டலைப் போலச் செய்த சொல்தான். அதிலிருந்து "கணம்" என்ற பொருளும் வந்தது. மனத்தில் சட்டென ஒன்று தோன்றுவதைக்கூட இதே சொல்லை வைத்துச் சொல்வார்கள். இந்தோனேசியாவில் ஒரு விநாடிக்கே "டெத்திக்" என்றுதான் பெயர்.

சீனத்தில் "டீ-டா". இது சுவையானது: கடிகாரத்துக்கும் சொட்டும் தண்ணீருக்கும் அதே சொல். முதல் எழுத்தின் பொருளே "துளி". குறுநீர்க் கன்னலை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயலியோட பேரை "டிக்டாக்"னு எழுதணுமா, "டிக்டொக்"கா?

ஆங்கிலத்தில் அங்கே வரும் உயிர், ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் இருக்கிறது; தமிழில் அதற்கு எழுத்தில்லை. தமிழகம் அதை ஆகாரமாகக் கேட்கிறது (டாக்டர்), இலங்கை ஒகரமாகக் கேட்கிறது (டொக்டர்). அதனால் டிக்டாக், டிக்டொக் என இரண்டு. சிங்கப்பூரில் "டிக்டாக்" என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். நாம் காப்பியைக் "கோப்பி" என்று ஓகாரம் வைத்துச் சொல்வதை நினைத்துக் குழம்ப வேண்டாம். அது மலாய் வழியாக வந்தது.

அவங்களுக்கு "டெத்திக்" இருக்கு. தமிழ்ல சத்தத்தால நேரத்துக்குப் பேர் வந்ததே இல்லையா?

இருக்கிறது, ஒன்றல்ல இரண்டு. கட்டை விரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்குங்கள். அதுதான் நொடி. நொடித்தல் என்றால் விரல் சொடுக்குதல். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று எழுத்தின் ஒலி அளவையே தொல்காப்பியம் இதை வைத்துச் சொல்கிறது. கடிகாரம் தட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே விரல் தட்டியிருக்கிறது. "ஒரு நொடியில் வருகிறேன்" என்பவர் சொல்வதும் அந்தச் சொடுக்கைத்தான்.

இரண்டாவது, மணி. முதலில் ஒலிக்கும் மணி; அது அடித்து நேரம் சொன்னதால் நேரமே மணியாயிற்று. ஆங்கிலக் "கிளாக்" என்பதும் பழைய லத்தீனில் மணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்.

விநாடி இந்த வரிசையில் சேராது, அது கணக்கில் பிறந்தது: பழைய முறையில் 60 விநாடி ஒரு நாழிகை. நாழிகை 24 நிமிடம் என்பதால் அந்த விநாடி 24 செக்கண்டு நீளம். பஞ்சாங்கத்தில் "விநாடி" என்று பார்த்தால் இன்றைய கடிகாரத்தின் ஒரு டிக் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் 24 டிக் இருக்கிறது.